சிறுதேர்: நடுநாட்டு வரலாற்றில் சிறார் விளையாட்டு

சிறுதேர் என்பது பழந்தமிழ்ச் சிறுவர்கள் தெருவில் உருட்டி விளையாடிய பொம்மை வண்டி. தச்சன் செய்துதந்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும், கையால் இழுத்தே மகிழும் சிறுவர்களைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமல் உருட்டிய மூன்று சக்கரத் தேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது.

சுந்தரரின் இளமை

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் திருநாவலூர் உள்ளது. 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டது. இவ்வூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. சடையனார், இசைஞானியார் ஆகியோரின் மகனான சுந்தரர் இங்கே தெருவில் சிறுதேர் உருட்டிக்கொண்டிருந்தார். திருமுனைப்பாடி மன்னர் நரசிங்கமுனையரையர் அவரைக் கண்டு, பெற்றோரிடம் கேட்டுப் பெற்றுத் தம் மகனாக வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். மன்னரின் கண்ணில் பட்டபோது குழந்தை பாடவில்லை, அற்புதம் எதுவும் நிகழ்த்தவில்லை; விளையாடிக்கொண்டு மட்டுமே இருந்தது.

சிதம்பரமும் பிள்ளைத்தமிழும்

சேக்கிழார் பெரியபுராணத்தைத் தில்லையின் ஆயிரக்கால் மண்டபத்தில் இயற்றினார் என்பது மரபு. அவரை ஆதரித்ததாகக் கருதப்படும் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) மீது ஒட்டக்கூத்தர் பாடிய நூலே, இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களில் காலத்தால் முந்தியது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிறுவன் கலைக்க வருவதும், கலைக்காதே என அவர்கள் கெஞ்சுவதும் சிற்றில் பருவத்தின் பொருள். அங்கே நடுவர் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. பூசலைக் குழந்தைகளே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்களின் ஆடல்களுக்கும் தில்லையில் இடம் கிடைத்தது. திருவாசகத்தின் திருச்சாழல், திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் ஆகிய பகுதிகளை மாணிக்கவாசகர் அங்கே அருளினார் என்பர். மகளிர் கூடி ஆடிய ஆட்டங்களின் வடிவிலேயே இவை அமைந்துள்ளன.

மதிப்பீடு

இந்நூல்கள் அரசரையும் அடியாரையும் இறைவனையும் போற்ற எழுந்தவை. தெருவில் உடன் விளையாடிய மற்றக் குழந்தைகளின் பெயர்களை அவை தரவில்லை. ஆயினும் அவர்களின் விளையாட்டுகள் இவற்றின் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன.

குழந்தையின் விளையாடும் உரிமையை ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31ஆம் பிரிவில் ஏற்றது; இந்தியா அதில் 1992இல் இணைந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் ஒன்றாக விளையாட்டைச் செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு வைத்தது. அங்கே விளையாட்டு வேறொன்றுக்கான பயிற்சி அன்று, அதுவே மகிழ்ச்சி.