மாறாத வேகம் என்னும் மறைமுகத் தகவல்: பந்து எறியும் இயந்திரமும் மட்டையாளரின் கண்ணும்

மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் இருவரும் 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையை, கிரிக்கெட் பயிற்சி இயந்திரங்களைப் பற்றி எழுதுவோர் ஏதோ ஒரு வகையில் சாட்சிக்கு அழைத்தபடியே இருக்கிறார்கள். மட்டையாளர் பந்தை முழு நேரமும் கண்ணால் பின்தொடர்வதில்லை; பந்து விடுபட்ட சற்று நேரத்தில், அது தரையில் படவிருக்கும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறது; பந்து எழும்பிய பின் மேலும் 100 முதல் 200 மில்லிவிநாடி வரை அதைத் தொடர்கிறது என்பது அவர்கள் கண்டது. கண்டதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதிலிருந்து ஒரு சாரார் வருவித்துக்கொண்ட அனுமானத்தோடுதான் வேறுபாடு. பந்துவீச்சாளரே இல்லாமல் இயந்திரம் பந்தைப் போட்ட அந்த ஆய்வில் கண் இவ்வளவு துல்லியமாகத் தாவுகிறது என்றால் பந்தின் பறத்தலே வேண்டிய தகவல் அனைத்தையும் தந்துவிடுகிறது. ஆகவே சொன்ன வேகத்தில், சொன்ன இடத்தில், பிசகாமல் பந்தைப் போடும் இயந்திரமே நிறைவான பயிற்சிக் கருவி என்பது அந்த அனுமானம். இயந்திர வடிவமைப்பாளர்கள் பலரும் தெரிந்தோ தெரியாமலோ இதையே தம் இலக்காக ஏற்றிருக்கிறார்கள்.

அந்தத் துல்லியமான தாவலைச் சாத்தியமாக்கியதில் பந்தின் பறத்தலுக்கு உள்ள பங்கைப் போலவே இயந்திரத்தின் மாறாத வேகத்துக்கும் பங்கு உண்டு என்று இக்கட்டுரை வாதிடுகிறது. பந்துவீச்சாளரின் உடல் தரவேண்டிய தகவலை அங்கே இயந்திரத்தின் ஒழுங்கு தந்துவிட்டது. இது சரியானால், அந்த ஆய்வு இயந்திரத்தின் போதுமைக்குச் சான்றாகாது. இயந்திரம் எந்த இடத்தில் போதாது என்பதையே அது காட்டுகிறது.

லேண்ட், மெக்லியாட் கட்டுரையின் சுருக்கம், வேகமாகவும் முன்கணிக்க முடியாத வேகத்திலும் வரும் பந்தைப் பற்றிப் பேசித் தொடங்குகிறது. அவர்கள் முன்வைத்த விளக்கமும் வேகம் மாறும் நிலையை உள்ளடக்கியதுதான்: விடுபட்டதிலிருந்து தரையில் படும் வரையான நேரமும், பட்ட இடத்தைக் கண் பார்க்கும் கோணமும் தெரிந்தால், பந்து எப்போது எங்கே வந்து சேரும் என்பதை மட்டையாளர் கணித்துவிடலாம். ஆனால் கண் அசைவுகள் பதிவான பயிற்சியில் பந்தைப் போட்டது ஓர் இயந்திரம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர், மாறியது லெங்த், அதாவது பந்து தரையில் படும் தூரம். விளக்கம் இரண்டு மாறிகளுக்கு உரியது, பதிவு ஒன்றுக்கு உரியது. இந்த இடைவெளியைப் பின்னால் வந்தவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தால் முடிவை அவ்வளவு தாராளமாக விரித்திருக்க மாட்டார்கள்.

ஆய்வில் இருந்தவர்கள் மூன்று மட்டையாளர்கள்: ஒரு தொழில்முறை ஆட்டக்காரர், ஒரு நல்ல அமெச்சூர், ஒரு திறன் குறைந்த அமெச்சூர். மூவர்தானே என்ற ஆட்சேபம் அடிக்கடி எழுவது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. முப்பது பேரை நிறுத்தியிருந்தாலும் நான் சொல்லவரும் சிக்கல் அப்படியே இருந்திருக்கும். முக்கியமானது கண் தாவத் தொடங்கிய நேரம். சிறந்தவருக்கு அது பந்து விடுபட்டு ஏறத்தாழ 140 மில்லிவிநாடியிலேயே தொடங்கியது. திறன் குறைந்தவருக்கு 200 மில்லிவிநாடியோ அதற்கு மேலோ ஆயிற்று. திறமையின் அடையாளமாக இந்த வேறுபாட்டையே எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

140 மில்லிவிநாடி என்ற எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கண்ணில் விழுந்த தகவல் கண் தசையின் அசைவாக மாறுவதற்கே ஏறத்தாழ 100 மில்லிவிநாடி போய்விடும். எஞ்சுவது 40. அந்த நேரத்தில் பந்து கடந்திருக்கும் தூரம் 1 மீட்டர். எங்கே தாவுவது என்று கண் முடிவுசெய்தது அந்த முதல் மீட்டரை வைத்துத்தான், அல்லது அதற்கும் முன்பே தெரிந்திருந்த ஒன்றை வைத்து.

முதல் மீட்டரில் என்ன தெரியும்? எளிய கணக்கு போதும். காற்றின் எதிர்ப்பை விட்டுவிடுகிறேன், இவ்வளவு குறுகிய தூரத்தில் அது முடிவை மாற்றாது. பந்து 2 மீட்டர் உயரத்திலிருந்து, கிடைமட்டத்துக்கு 3 பாகை கீழ்நோக்கி, விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். அது ஏறத்தாழ 13 மீட்டர் தள்ளித் தரையில் படும். ஒரு கிரீஸிலிருந்து எதிர் கிரீஸுக்கு 17.68 மீட்டர் என்பதால், மட்டையாளருக்கு 4.7 மீட்டர் முன்னால்: குட் லெங்த். கோணம் 2 பாகையானால் 13.9 மீட்டரில் படும். 4 பாகையானால் 12.1 மீட்டரில். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.9 மீட்டர். வேகம் மாறாதவரை, கோணத்தைப் படித்தவர் லெங்த்தைப் படித்துவிட்டார். ஒரு பாகை வேறுபாடு முதல் மீட்டரில் 17 மில்லிமீட்டர் இறக்கமாக வெளிப்படும். மட்டையாளரின் தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணில் அது ஏறத்தாழ 0.06 பாகை. சிறியதுதான், பழகிய கண்ணுக்கு எட்டாததன்று.

இனி கோணத்தை 3 பாகையிலேயே நிறுத்தி வேகத்தை மாற்றுவோம். விநாடிக்கு 23 மீட்டரில் பந்து 12.1 மீட்டரில் படும்; 27 மீட்டரில் 13.8 மீட்டரில். இருபுறமும் 2 மீட்டர் வேக வேறுபாடு, கிட்டத்தட்ட இருபுறமும் ஒரு பாகை மாறியதற்குச் சமமான லெங்த் வேறுபாட்டைத் தருகிறது. இந்த வேக வேறுபாட்டைக் கண் எப்படி அறியும்? நெருங்கிவரும் பந்தின் உருவம் பெரிதாவதை வைத்து என்பார்கள். ஏறத்தாழ 7.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து 17.68 மீட்டர் தூரத்தில் 0.233 பாகையாகத் தெரியும். ஒரு மீட்டர் நெருங்கிய பின் 0.247. விநாடிக்கு 27 மீட்டரில் வரும் பந்து அதே 40 மில்லிவிநாடியில் கூடுதலாக நெருங்குவது 8 சென்டிமீட்டர்தான்; உருவத்தில் அது ஏற்படுத்தும் வேறுபாடு 0.001 பாகை. கோணத்தின் குறியோடு ஒப்பிட்டால் இது ஐம்பதில் ஒரு பங்கு. இதைப் படித்துத் தாவும் கண் எவருக்கும் இல்லை என்றே துணிந்து சொல்வேன்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. வேகமான பந்து அதே நேரத்தில் சற்று அதிகம் இறங்கியதாகத் தெரியும். விநாடிக்கு 27 மீட்டரில் 3 பாகையில் புறப்பட்ட பந்தை, 25 என்று நம்பியிருக்கும் கண், ஏறத்தாழ 3.2 பாகைப் பந்து என்று வாசிக்கும். அதாவது அது இன்னும் குறுகலாக விழும் என்று எதிர்பார்க்கும். உண்மையில் அது நீளமாக விழும். பிழை ஏறக்குறைய 1 மீட்டர், அதுவும் எதிர்த் திசையில். முன்காலில் ஆடவேண்டிய பந்துக்குப் பின்காலில் போகவைக்கும் பிழை இது.

ஆக, வேகம் உண்மையிலேயே மாறிக்கொண்டிருந்தால், 140 மில்லிவிநாடியில் தொடங்கும் தாவல் பந்தின் பறத்தலை மட்டும் நம்பிச் சரியான இடத்தில் இறங்க வழியில்லை. களத்தில் சிறந்த மட்டையாளர்கள் இதைச் செய்கிறார்கள் என்றால், வேகம் பற்றிய அறிவு பந்து விடுபடுவதற்கு முன்பே அவர்களிடம் வந்திருக்க வேண்டும்: ஓட்டத்திலிருந்து, தோளிலிருந்து, மணிக்கட்டிலிருந்து. இயந்திரத்துக்கு எதிரே அந்த அறிவு முந்தைய பந்துகளிலிருந்து கிடைத்தது. இயந்திரம் போன பந்தையும் 25 மீட்டரில் போட்டது, இதையும் அப்படியே போடும். இந்த உறுதி எந்தப் பந்துவீச்சாளரும் தராத ஒன்று. பந்துவீச்சாளர் இல்லாமலே கண் தாவியது என்பதைக் காட்டி அவரது உடல் தேவையில்லை என்று வாதிட்டவர்கள், அவருடைய இடத்தில் வேறொன்று அமர்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. லெங்த்தை மாற்ற இயந்திரத்தின் தலையைச் சாய்க்க வேண்டியிருப்பதால், அந்தச் சாய்வும் ஓரளவு கண்ணில் பட்டிருக்கலாம். இதை ஒரு சாத்தியமாக மட்டுமே சொல்கிறேன், என் வாதம் இதன்மேல் நிற்கவில்லை.

சிறந்தவர் முந்தித் தாவினார், மற்றவர் பிந்தினார் என்ற வரிசை அப்படியே நிலைக்கும் என்றே எண்ணுகிறேன். அந்த இடைவெளி எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி. ஒற்றை மாறியுள்ள சூழலைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் ஆற்றலையும் அது சேர்த்தே அளந்திருக்கலாம். மெக்லியாட் 1987இல் செய்த ஆய்வோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். விரிப்புக்கு அடியில் மரக்குச்சிகளை வைத்து, பட்டபின் பந்து எதிர்பாராமல் விலகும்படி செய்து, மட்டையைத் திருத்தச் சுமார் 200 மில்லிவிநாடி வேண்டும் என்று அவர் காட்டினார். அங்கும் பந்தைப் போட்டது இயந்திரம்தான். ஆனால் கேள்வி பந்து பட்டதற்குப் பிந்தைய நேரத்தைப் பற்றியது. பறத்தல் மாறாமல் இருப்பது அங்கே தேவையான கட்டுப்பாடு. ஒரே கருவி ஒரு கேள்விக்குப் பொருந்தியது, இன்னொரு கேள்விக்கு விடையின் ஒரு பகுதியைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டது.

இதற்கு நேரெதிரான சாராரும் உண்டு. இயந்திரத்துக்கு எதிரே மட்டைவீச்சும் காலடியும் ஒத்திசையும் விதமும் நேரமும் பந்துவீச்சாளருக்கு எதிரே உள்ளதைப் போல இல்லை என்பது 2007, 2009ஆம் ஆண்டுகளில் வெளியான ஒப்பீடுகளால் தெளிவாயிற்று. அதிலிருந்து இயந்திரத்தையே ஒதுக்க வேண்டும் என்று முடிவுகட்டியவர்களோடும் என்னால் போக முடியவில்லை. அவர்கள் ஒதுக்கச் சொல்வது குறிப்பிட்ட ஒரு வடிவமைப்பை. அதை இயந்திரம் என்னும் இனத்தின் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். பெரிய அணிகளின் வலைப்பயிற்சியில் நீண்ட பிடியுள்ள சைடுஆர்ம் கருவியால் ஒருவர் ஓடிவந்து எறிவது பரவியிருப்பதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். கை தெரிகிறது, வேகமும் தானாகவே சற்று மாறுகிறது. எறிபவரின் தோள் எத்தனை பந்து தாங்கும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இயந்திரத்தைக் கைவிடக் கூடாது என்று நான் அக்கறையோடு சொல்வதற்கு அதுவே காரணம்.

வேகம் ஏன் மாறாமல் வைக்கப்பட்டது? இரு சக்கர இயந்திரத்தில் பந்தின் வேகம் இரு சக்கர விளிம்புகளின் வேகங்களுடைய சராசரி. சுழற்சி அவற்றின் வித்தியாசத்தைப் பொறுத்தது. சக்கரம் கனமாக இருந்தால் வேகம் பந்துக்குப் பந்து நிலைக்கும். இரு சக்கரங்களுக்கும் விளிம்பில் 2 கிலோ வீதம் நிறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 25 மீட்டரில் அவற்றிடம் உள்ள ஆற்றல் 1,250 ஜூல். 156 கிராம் பந்து எடுத்துச்செல்வது 49 ஜூல். வழுக்கலில் கிட்டத்தட்ட அதே அளவு வெப்பமாகப் போகும். சக்கரம் இழப்பது மொத்தத்தில் 8 விழுக்காடு, வேகத்தில் 4 விழுக்காடு. மோட்டார் அதை அடுத்த பந்துக்குள் மீட்டுவிடும். சக்கரத்தை இன்னும் கனமாக்கினால் இந்தத் தளர்ச்சி இன்னும் குறையும். நிலைத்தன்மையைத் தரமாகக் கொண்டவர்கள் அந்தத் திசையிலேயே போனார்கள்.

கனமான சக்கரத்தின் வேகத்தைப் பந்துக்குப் பந்து மாற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மேற்சொன்ன சக்கரங்களை 25இலிருந்து 27க்கு உயர்த்த வேண்டிய ஆற்றல் 208 ஜூல். 250 வாட் மோட்டாருக்கு அது ஒரு விநாடி வேலை. குறைக்கும்போது அதே அளவை மின்தடுப்பால் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பந்துகளுக்கு நடுவே இதற்கு மேல் நேரம் இருக்கிறது. சக்கரமே இல்லாத வழியும் பழையது: பிரின்ஸ்டனில் சார்லஸ் ஹின்டன் 1897இல் பேஸ்பால் பயிற்சிக்குச் செய்த, வெடிமருந்தால் இயங்கிய எறிகருவியில் பின்னறையின் அளவை மாற்றி வேகத்தை மாற்ற முடிந்தது, முகப்பில் இருந்த ரப்பர் பூசிய இரண்டு எஃகு விரல்கள் பந்தை வளையச் செய்தன. வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடு, சுழற்சிக்கு வேறொன்று. அதை ஒரு விசித்திரமாக மட்டும் நினைவுகூர்வது அநியாயம் என்றே கருதுகிறேன். வெடிமருந்தை யாரும் திரும்பக் கொண்டுவரப் போவதில்லை. இரண்டையும் பிரித்தாளும் அந்த அமைப்பு திரும்ப வரலாம்.

வேகத்தை மாற்றினால் மட்டும் போதுமா? போதாது. மேலே சொன்னபடி, முன்னறிவிப்பில்லாமல் மாறும் வேகம் முந்தித் தாவும் கண்ணைத் தண்டிக்கும், காத்திருக்கப் பழக்கும். அது வேறொரு தீங்கு. வேக மாற்றத்தோடு, விடுபடுவதற்கு முன்பே அதை உணர்த்தும் குறியும் வேண்டும். திரையில் பந்துவீச்சாளரைக் காட்டி, அவர் கை இருக்கும் இடத்தில் உள்ள துளை வழியே பந்தை வெளியேற்றும் இயந்திரங்கள் ஏற்கெனவே உண்டு. அவற்றிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திரையில் ஓடும் ஒவ்வொரு வீச்சும் அது உண்மையில் வீசப்பட்ட வேகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் தோள் ஒன்று சொல்ல, பந்து வேறொன்று செய்யும். அந்தத் தோளை நம்பாதிருக்கவே மட்டையாளர் கற்றுக்கொள்வார். பெரும்பாலான இயந்திரப் பந்துகளில் தையல் இல்லை, அவற்றின் வளைவு தையலால் வரும் ஸ்விங் அன்று, சுழற்சியால் வருவது என்ற குறையை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அது பந்தைப் பற்றிய கேள்வி, எறிகருவியைப் பற்றியதன்று.

என் வாசிப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரே மட்டையாளர்களை மூன்று நிலைகளில் நிறுத்திக் கண் அசைவைப் பதியலாம்: வேகம் 25இலேயே நிற்பது, 23க்கும் 27க்கும் இடையே குறியின்றி மாறுவது, அதே வேக வரம்பில், இணைக்கப்பட்ட திரைக்குறியோடு மாறுவது. நான் சொல்வது சரியானால், இரண்டாம் நிலையில் சிறந்தவரின் தாவல் 140 மில்லிவிநாடியிலிருந்து பின்வாங்க வேண்டும், அல்லது முந்தித் தாவி 1 மீட்டர் அளவுக்குத் தவறான இடத்தில் இறங்க வேண்டும். மூன்றாம் நிலையில் அவர் மீள வேண்டும், திறன் குறைந்தவர் மீளக் கூடாது. இரண்டாம் நிலையிலும் சிறந்தவரின் கண் முன்போலவே முந்தித் தாவிச் சரியான இடத்தில் இறங்குமானால், முதல் 40 மில்லிவிநாடியைப் பற்றி மேலே போட்ட கணக்கில் நான் காணாத தகவல் ஒன்று அந்தப் பறத்தலில் இருக்கிறது என்று ஏற்க வேண்டும்.