குலத்து நோயா?

"அது அவர்கள் குலத்து நோய்" என்று சொல்லிவிடும் வழக்கம் எங்கள் மங்களூர்ப் பக்கத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சில் ஒரு கீறல் விழுந்தால், அதில் வார்த்த பொம்மைகள் அனைத்திலும் அக்கீறல் தொடரும். ஆனால் கீறலுள்ள பொம்மைகளெல்லாம் சூளையில் வெடித்துவிடுவதில்லை. மாணவர்களே, இந்த வேறுபாட்டை அறிஞர்களும் சற்றுக் காலந்தாழ்த்தியே கண்டனர். அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நோயைத் தடுக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலின் தசைகளைத் தாக்குவதால் உண்டாவது தசையழற்சி நோய். ஐரோப்பிய இனத்தாருள் இந்நோயுற்றோர் பலரிடம், ஆறாம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களுள் ஒரு குறிப்பிட்ட வடிவம் மிகுந்து காணப்பட்டது. அதுவே நோய்க்கு மூலம் என்று எண்ணத் தோன்றுமன்றோ? ஜப்பானியரிடம் அவ்வடிவம் மிக அரிது. ஆயினும் தசையழற்சி அங்கும் உண்டு. ஓரினத்தாரிடம் கண்ட அடையாளம் உலகத்தார்க்கெல்லாம் பொருந்துவதில்லை.

நம் நாட்டில் இத்தகைய ஆராய்ச்சி இதயத்தசையைப் பற்றி எழுந்தது. அத்தசையின் புரதமொன்றை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை, 2003-இல் இந்தியக் குடும்பங்களில் கண்டனர். 2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்துக் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. இந்தியத் துணைக்கண்டத்தாருள் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வரிடம் இக்குறை உண்டு. பிற கண்டத்தாரிடம் ஏறக்குறைய இல்லை. இதனையுடையார்க்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்றும் கணக்கிட்டனர். சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என மதிப்பிடப்பட்ட இக்குறை, திராவிட மொழி பேசுவோர், வடநாட்டு மொழிகள் பேசுவோர் என்ற பாகுபாடின்றிப் பரவியிருந்தது. சாதிக்கொரு குருதி உண்டென்று வாதிடுவோர் இதற்கு என்ன விடை சொல்வரோ, அறியேன்.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. நூற்றுக்கு நால்வரிடம் இருப்பது அத்துணைக் கொடியதாயின், நோயாளர் தொகை எவ்வளவு பெருகியிருக்க வேண்டும்! இக்குறையுடையோருள் பெரும்பாலார் நலமாகவே வாழ்ந்தனர். 2020-இல் வெளிவந்த மறு ஆய்வொன்று இந்த முடிச்சை அவிழ்த்தது. அதே மரபணுவில், சற்றுத் தொலைவில், ஒற்றை எழுத்து மாறிய வேறொரு பிழை சிலரிடம் இருந்தது. அரிதான அப்பிழை 25 எழுத்துக் குறையோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்துள்ளது. அதனைத் தனியே பிரித்துக் கணக்கிட்டபோது, இதயத்தசை தடிக்கும் நோய்க்கு அதுவே பொறுப்பென்றும், பழிசுமந்த குறைக்குத் தனியாக அத்தீங்கு இல்லையென்றும் புலனாயிற்று.

இதனால் 2009-ஆம் ஆண்டு ஆய்வு வீணென்று கருதற்க. அது தேடவேண்டிய இடத்தைக் காட்டியது. தேடியபோது கிடைத்தது வேறொன்று. நூற்றுக்கு நால்வர் என்று அன்று எண்ணப்பட்டவர்களுள் மிகச் சிலரே அந்த இரண்டாம் பிழையையும் உடையவர்.