மண்டகப்பட்டுக் கல்தளியும் ஏரி காக்கும் பணியும்

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் ஊர் உளது. அவ்வூர்ப் பாறையில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயிலொன்று இருத்தலைச் சரித்திர ஆராய்ச்சியாளர் பலரும் எடுத்துப் பேசுவர். முகப்பின் இருபாலும் வாயில்காவலர் நிற்க, உள்ளே மூன்று கருவறைகள் அமைந்துள்ளன. பிரமன், ஈசுவரன், திருமால் என்னும் மூவர்க்கும் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி விசித்திரசித்தன் என்னும் மன்னன் இதனை ஆக்குவித்தான் என்று ஆண்டுள்ள வடமொழிக் கல்வெட்டொன்று கூறும். இலக்ஷிதாயதனம் என்பது கோயிலின் பெயர். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று. அவன் ஆட்சி கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியது.

மன்னன் நான்கு பொருள்களை ஏன் பெயர் சொல்லி விலக்கினான் என்பது எளிதில் விளங்கும். செங்கல் உதிரும், மரத்தைக் கறையான் அரிக்கும், உலோகம் துருவேறும், சுதை பெயர்ந்து வீழும். ஆண்டுதோறும் பழுது பார்ப்பார் இல்லையேல் அத்தகைய கோயில் ஒரு தலைமுறை கடந்து நில்லாது. பாறையோ பழுது பார்ப்பாரை வேண்டாது. ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கழிந்தும் அக்குடைவரை நிற்றலின், அரசன் கருதியது பிழைபடவில்லை.

ஆயின், இதே மன்னன் இவ்வாறு ஆக்கவியலாத பணியொன்றனையும் செய்தான். சோளிங்கபுரத்துப் பக்கத்திலுள்ள மகேந்திரவாடியில் அவன் குடைவித்த திருமால் கோயில், மகேந்திர தடாகத்தின் கரையில் எடுக்கப்பட்டதென்று ஆண்டுள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. அவன் வழித்தோன்றலாகிய முதலாம் பரமேசுவரவர்மனும் காஞ்சியை அடுத்த கூரத்திற் சிவபெருமானுக்குக் கோயிலெடுத்து, பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும் உண்டாக்கினான். பாலாற்றிலிருந்து அதற்குக் கால் வெட்டப்பட்டதைக் கூரம் செப்பேடு அறிவிக்கும். கோயிலும் ஏரியும் ஒரே அறத்தின் இரு கூறுகளாகக் கருதப்பட்ட காலம் அது. எனினும் இரண்டும் ஒரு தன்மையன அல்ல. ஏரியின் கரை மண். அதன் வயிற்றில் மழைதோறும் வண்டல் இறங்கும். வண்டலிற் பூண்டு முளைக்கும். கரையை உயர்த்தி, மதகைத் துலக்கி, தூர் எடுத்து, களை பறிக்கும் கை ஆண்டுதோறும் இல்லையேல் எப்பேரரசன் வெட்டுவித்த ஏரியும் மேடாய்விடும். ஏரியை வெட்டினவன் பெயர் கல்லிலே நிற்கும். ஏரி நிற்பது பின்வந்தோர் உழைப்பினாலேயாம்.

இதனைப் பழைய ஊர்ச்சபையார் நன்குணர்ந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்து, 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையைக் கூறுவன என்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அக்குடத்திலிருந்து எடுக்கப்பட்ட ஓலைகளுள் ஆறு ஏரி வாரியத்திற்கு உரியன என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. முன் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். வாரியஞ் செய்தவன் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வருதற்கில்லை. உக்கல் முதலிய ஊர்களிலும் ஏரி வாரியப் பெருமக்களைக் காண்கின்றோம். ஏரிப் பழுதுக்கென்று விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஏரி மீனைப் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் பாட்டத்தைக் கல்வெட்டுக்கள் பாசிப்பாட்டம் என்னும். இன்றும் சிற்றூர்களில் 'மீன்பாசிக் குத்தகை' என வழங்குஞ் சொல் அதன் வழிவந்ததே போலும்.

ஒன்று மட்டும் அக்கல்வெட்டுக்களில் இல்லை. வாரியத்தார் தகுதி விரித்துரைக்கப்படுகின்றது. சேற்றில் இறங்கிக் கூடை சுமந்தவர் யாவர் என்பது சொல்லப்படவில்லை. அக்குறையை நிறைப்பது சேக்கிழார் திருவாக்கேயாகும். திருவாரூரிற் பிறவிக் குருடராய் இருந்த தண்டியடிகள் வரலாற்றை அவர் கூறுகின்றார். திருக்கோயிலின் மேல்பாலுள்ள திருக்குளம், சூழவிருந்த சமணப் பாழிகளால் நெருக்குண்டு சுருங்கியதைக் கேள்வியுற்ற அடிகள், அதனைத் தாமே தோண்டத் துணிந்தார். குளத்துக்கும் கரைக்கும் கோல் நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண் சுமந்தார். மண்ணைக் கல்லினாற் சிற்றுயிர்கள் மாயும் என்று சமணர் தடுத்ததும், பின்னர் அடிகள் கண் பெற்றதும் திருத்தொண்டர் புராணத்தே காண்க. தூர் எடுத்தவர் ஒருவர் அறுபத்துமூவருள் ஒருவராக எண்ணப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது. மன்னர் வரிசையிலோ வாரியப் பெருமக்கள் வரிசையிலோ வாராத தொழில், தொண்டர் வரிசையில் வந்து அமர்ந்தது.

மகேந்திரன் காலத்தவராகவே ஆராய்ச்சியாளர் கொள்ளும் திருநாவுக்கரசர் கையிலும் உழவாரப்படை இருந்தது. புல்லையும் முளையையும் செதுக்குங் கருவி அது. அப்பர் வரலாற்றிற் கூறப்படும் பல்லவன் பெயரைச் சேக்கிழார் குறித்திலர். ஆயினும் அவன் திருவதிகையில் எடுப்பித்த கோயிலுக்குக் குணபரவீச்சரம் எனப் பெயர் வழங்கலானும், குணபரன் என்பது மகேந்திரன் விருதுப் பெயராதலானும் இருவரும் ஒருவரே என்பர். பூம்புகலூரில் அப்பர் பணிசெய்த இடத்துப் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றை உழவாரத்தால் ஏந்தி வாவியில் எறிந்தார் என்பது வரலாறு. அரசன் களைந்தவை அழியும் பொருள்கள். அடிகள் களைந்தது புல். புல் நாளையும் முளைக்கும் என்று அறிந்தே நாடோறும் களைந்தார்.

நீரில் வளர்வன எல்லாம் களை என்று கொள்ளற்க. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ எனப் பூவை நால்வகையாக்கிய முன்னோர், தாமரையும் குவளையும் ஆம்பலும் நீர்ப்பூ என்று பூசைக்குக் கொண்டனர். கொட்டியும் கோரையும் மீனுக்கு நிழலும் பறவைக்குக் கூடும் தருவன. இந்நாட்டுப் பூண்டுகளை உண்ணும் பூச்சியும் புழுவும் இந்நாட்டிலேயே உள. ஆதலின் அவை ஓர் அளவில் அடங்கி நின்றன. கைகள் ஓய்ந்த காலத்தும் ஏரி ஒரே ஆண்டில் மூடுண்டு போகவில்லை.

கைகள் ஓய்ந்ததற்குக் காரணம் பல. ஏரிக்கென விடப்பட்ட மானியங்கள் காலப்போக்கில் வேறு வழிச் சென்றன. ஏரிகள் சர்க்கார் உடைமை ஆயின. ஊரார் கூடி வாய்க்கால் வெட்டிக் கரை கட்டும் குடிமராமத்து தளர்ந்தது. 1858-இல் சென்னை இராசதானியில் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், தளர்ந்த ஊர்வழக்கத்தைத் தண்டனை அச்சத்தால் நிறுத்த முயன்றது. தன் ஏரி என்று எண்ணி இறங்கியவன் செய்த வேலையைச் சட்டத்துக்கு அஞ்சி இறங்கியவன் செய்வானோ? அம்முயற்சி பெரும்பயன் தந்திலது. 2017-இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரையே மீட்டு வழங்கிப் பாசன ஏரிகளைத் திருத்தும் திட்டமொன்றைத் தொடங்கியது.

இவ்விடைவெளியில் அயல்நாட்டுப் பூண்டுகள் புகுந்தன. அவற்றுள் தலையாயது, பொதுமக்கள் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் வழங்குவது. இப்பெயர் மயக்கத்தை முதலில் நீக்குதல் வேண்டும். மருத்துவ நூலார் ஆகாயத்தாமரை என்றது, இலைகள் அடுக்காய் மலர்ந்து நீர்மேல் மிதக்கும் வேறொரு சிறு பூண்டினை. இப்போது ஏரியை மூடுவதோ, வெங்காயம் போற் பருத்த காம்பும் ஊதாப்பூவும் உடையது. தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் படுகையே இதன் பிறப்பிடம். பூவின் அழகு கருதியே அயல்நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் வேரூன்றியது. சில ஆண்டுகளில் ஆறுகளை அடைத்து, படகு செல்லவொட்டாமல், நெல் வயலையும் மூடிற்று. 1921-இல் விஞ்ஞானி சகதீச சந்திர போசரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று இதனை ஆராய நியமிக்கப்பட்டது; 1936-இல் இதற்கெனவே வங்காளத்தில் தனிச்சட்டம் பிறந்தது. இலங்கையார் இன்னும் முந்திக்கொண்டனர்; அங்கே இப்பூண்டைத் தடுக்கும் சட்டம் 1909-லேயே இயற்றப்பட்டது. பூவொன்றுக்கு அஞ்சி நாடுகள் சட்டம் இயற்றியது வியப்பே; ஆனால் அப்பூண்டின் இயல்பை அறிந்தார்க்கு வியப்புத் தோன்றாது.

தாய்ச்செடியிலிருந்து கொடிபோல் ஓடும் தண்டின் நுனியில் புதுச்செடி தோன்றும். உரம் மிகுந்த நீரில், வெப்பமான பருவத்தில், இரண்டு வாரங்களுக்குள் ஒன்று இரண்டாகும். நீர்ப்பரப்பு முழுதும் மூடிய பின் கீழே ஒளி செல்லாது, நீரிற் கலந்த பிராணவாயு குறையும், மீன் மடியும், கொசு பெருகும், மதகு அடைபடும். விதையோ ஏரிச் சேற்றில் பதினைந்து இருபது ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கவல்லது. எனவே ஒருமுறை வாரிக் கரையேற்றி, 'ஏரி தூய்மையாயிற்று' என்று வீடு திரும்புவோர் அடுத்த மழைக்காலத்தில் ஏமாற்றமடைவர்.

சித்தாந்த நூலார் மலத்தின் இயல்பை விளக்கப் பாசியை உவமை காட்டுவது இங்கே நினைவுக்கு வரும். கல்லெறிந்தால் பாசி விலகி நீர் தெரியும். சிறிது பொழுதில் மீண்டும் மூடும். உவமைக்கு எடுத்த பொருளை அவர்கள் எத்துணைக் கூர்ந்து நோக்கியிருந்தனர்! இக்காலத்து ஏரிகளில் பூண்டு மூடிக்கொள்வதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. வீட்டுச் சாக்கடையும், வயல்களில் மிகையாய் இட்ட உரமும் ஏரிக்குள் இறங்குகின்றன. அவை பூண்டுக்கு உணவு. அவற்றின் வரவை நிறுத்தாமல் மேலே மிதப்பதை மட்டும் வாருவது, உணவிட்டுக்கொண்டே பகையை ஓட்டுவது போலாம்.

இப்பூண்டுக்குரிய பகையைத் தேடி விஞ்ஞானிகள் அதன் தாயகத்திற்கே சென்றனர். அங்கே இதனையே தின்று வாழும் கூன்வண்டுகள் இரண்டு வகை கிடைத்தன; எள்ளினும் சற்றே பெரியவை. 1982-இல் அவை இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிற பயிர்களைத் தீண்டா என்று சோதித்தறிந்த பின், 1983 முதல் பெங்களூர்ப் பக்கத்து ஏரிகளில் விடப்பட்டன. நீர் வற்றாத சில ஏரிகளில் நற்பயன் கண்டது. வண்டு தன் வேலையைச் செய்ய ஆண்டுகள் சில பிடிக்கும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வானம் பார்த்த ஏரிகள் பலவும் கோடையில் வறள்வன. செடி கருகினால் வண்டும் மாயும், சேற்றிலுள்ள விதையோ மாயாது. ஆதலின் இப்பகுதிக்கு வண்டை நம்புவதினும் கையை நம்புவதே தக்கது. மருந்து தெளித்துக் கருக்கலாம் என்பாரும் உளர். குடிக்கவும் மாடு கழுவவும் நெல்லுக்குப் பாய்ச்சவும் ஒரே நீர் ஆகும் ஏரியில் அது பொருந்தாது; கருகிய செடி அடியிற் சென்று அழுகி, நீரை மேலும் கெடுக்கும்.

இப்பகுதியாரை மிகுதியும் வருத்துவது மற்றொரு பூண்டு. நெய்வேலிக் காட்டாமணக்கு என்று பெயர் பெற்றது. பெயரைக் கண்டு இஃது ஆமணக்கின் இனம் என்றோ, நெய்வேலியிற் பிறந்தது என்றோ எண்ணற்க. வெப்பமிகு அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த இது, நீரிலும் கரையிலும் ஒருங்கே வளரும் தாளிக் குடும்பத்துப் புதர். ஆடுமாடுகள் இதனை விரும்பி மேயமாட்டா. பசியால் மேய்ந்தால் நோயுறும். இதன் தண்டை வெட்டிக் கரையிலே குவித்துவிட்டு வந்தால், குவித்த இடத்திலேயே ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுத் தளிர்க்கும்! வெட்டுவது இதற்கு நடுவது போலாகின்றது. ஏரி வறண்ட பங்குனி முதல் வைகாசிக்குள், மண் வெடித்துக் கிடக்கும்போதே வேரோடு அகழ்ந்து, வெயிலில் முற்றும் உலர்த்தி, பின் அடுப்புக்கோ சூளைக்கோ கொண்டுசெல்லுதலே வழி.

ஆகாயத்தாமரையையும் அவ்வாறே, நீர் சுருங்கிச் செடிகள் ஒரு மூலையில் ஒதுங்கிய சமயம் பார்த்து, பூத்து விதை கொள்வதற்கு முன் வாரவேண்டும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே ஆதலால் வாரும்போது சுமை பெரிது. கரையில் சில நாள் காய்ந்தபின் மிஞ்சுவது சிறிது. விதை கொள்ளாத அதனைச் சாணத்தோடு மட்கவைத்தால் நல்ல எருவாகும். தூர் வாரிய வண்டலை வயலுக்கு எடுத்துச் செல்லும் பழைய வழக்கமும் இதனோடு சேரும். அதன்பின் வரத்துக் கால்களின் வாயில் மூங்கிற் பின்னல் கட்டி, மேலேரியிலிருந்து மிதந்துவரும் செடிகளைத் தடுத்து நிறுத்தல் வேண்டும். ஐப்பசி மழையில் முதல் நீர் வரும் நாட்களிலே தான் அவை மிகுதியாக வந்து சேரும். அந்நாட்களில் கால்வாயிலே நிற்க ஊரில் இருவரை முறைவைத்துப் பிரித்தல் வேண்டும்.