குன்னூர் வைத்த காய்ச்சல் கணக்கு

1957 மே மாதம், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடு ஆசிய ஃப்ளூ இந்தியாவில் இறங்கியது. அந்த மே 19 முதல் மறு வருஷம் பிப்ரவரி 8 வரைக்கும் நாடு முழுக்கப் பதிவான நோயாளிகள் 44 லட்சத்து 51 ஆயிரத்துக்கு மேல். பதிவான சாவு 1,098. இந்தக் கணக்கை உலகத்துக்கு எழுதிக் கொடுத்தது குன்னூர். சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கிற பாஸ்டியர் நிறுவனத்தில்தான் அன்றைக்கு இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையம் இருந்தது. அங்கே பணியாற்றிய ஐ.ஜி.கே. மேனன் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய நீண்ட கட்டுரையை, 1957 கொள்ளைநோயைப் பற்றிப் பேசுகிற வெளிநாட்டு ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிற நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1868 வரை நீலகிரி கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தே இருந்தது. அதனால் இதை எங்கள் ஊர்க் கதையாகவே சொல்கிறேன்.

நான் மனுச வைத்தியன் இல்லை. கால்நடை மருத்துவன். நாமக்கல், பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைகளில் அலைந்தே வேலைக்காலம் போயிற்று. ஃப்ளூ தடுப்பூசியின் கதையில் எனக்கு அக்கறை வந்தது முட்டை வழியாக. 1930களில் ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பர்னெட் போன்றவர்கள் ஃப்ளூ வைரஸைக் கரு வளரும் கோழிமுட்டைக்குள் பெருக்கப் பழகினார்கள். உலகத்தின் ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பகுதி இன்றைக்கும் அந்த வழியில்தான் தயாராகிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். பத்து, பதினொரு நாள் அடைகாத்த முட்டையை இருட்டில் விளக்குக்கு முன்னால் பிடித்தால், சிவப்பு நரம்புகள் வேர் மாதிரி ஓடுவது தெரியும். நடுவில் கரு துள்ளும். துள்ளாத முட்டை ஒதுக்கப்படும். காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, அதற்கு மேலே ஓட்டில் சிறு துளை போட்டு, வைரஸ் கலந்த துளியை ஊசியால் இறக்கி, துளையை மெழுகால் அடைப்போம். இரண்டு மூன்று நாள் இன்குபேட்டரில் இருந்தபின் குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி. காலையில் ஓட்டை வெட்டித் தெளிந்த நீரை உறிஞ்சி, குழிக்குழியான தட்டில் விட்டு, கோழியின் சிவப்பணுக்களைச் சேர்த்துக் காத்திருப்போம். வைரஸ் இல்லாவிட்டால் சிவப்பணு குழியின் அடியில் சின்னப் பொட்டாக உட்காரும். இருந்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மெல்லிய விரிப்பாகப் பரவிவிடும். 1941இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்டது இது. கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் வைரஸும் இதே மாதிரி சிவப்பணுவைக் கோக்கும் என்பதால், வேப்பேரிக் கால்நடைக் கல்லூரியில் எங்களுக்கு இந்தப் பரிசோதனையை அதில்தான் கற்றுக் கொடுத்தார்கள். முதல் தடவை அந்த விரிப்பைக் கண்டபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

பல்லடத்துப் பண்ணைக்காரர் ஒருவர் கேட்பார்: "ஏனுங் டாக்டர், கோழிக்கு எப்பவும் அதே லசோட்டாவைத் தண்ணியில கலக்கறோம், வேலை செய்யுதுங்க. மனுசனுக்கு மட்டும் எதுக்குங்க வருசா வருசம் புது ஊசி?" இதைவிட நல்ல கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. லசோட்டா 1946இல் நியூஜெர்சியில் ஒரு பண்ணையில் பிரித்தெடுத்த வெள்ளைக்கழிச்சல் வைரஸ். வெள்ளைக்கழிச்சல் கிருமியில் உட்பிரிவுகள் எத்தனை வந்தாலும் தடுப்பாற்றலின் கண்ணுக்கு அது ஒரே இனம். அதனால் எண்பது வருஷத்துப் பழைய தடுப்பு மருந்து இன்றும் கோழியைக் காக்கிறது. ஃப்ளூ அப்படி அடங்கி நிற்பதில்லை. தன் மேல்தோல் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகிறது. சில சமயம் பறவை ஃப்ளூவும் மனித ஃப்ளூவும் ஒரே உடம்பில் சந்தித்து மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு அடியோடு புதியதாகக் கிளம்புகின்றன. 1957இல் வந்தது அப்படிப் பிறந்தது.

இதை உலகம் பட்டுத்தான் கற்றது. அமெரிக்காவில் 1945 முதல் பொதுமக்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள்; 1947இல் வைரஸ் அந்த அளவு விலகிப் போயிருந்ததால் ஊசி ஏறக்குறையப் பயனற்றுப் போயிற்று. கிருமி போகிற இடமெல்லாம் அதைப் பின்தொடர ஆள் வேண்டும் என்ற ஞானம் அதில் பிறந்தது. லண்டனில் உலக இன்ஃப்ளூயன்சா மையம் அமைந்தது. நாடுகள்தோறும் கிளை மையங்கள் வந்தன. அந்தச் சங்கிலியில் இந்தியாவின் கண்ணியாக 1950 வாக்கில் சேர்ந்ததுதான் குன்னூர். இன்று பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் உலக சுகாதார நிறுவனம் கூடி அடுத்த பருவத்தின் ஊசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதும் இந்தச் சங்கிலியை நம்பித்தான்.

மலை உச்சியில் எதற்கு இந்த ஆய்வகம்? அது நாய்க்கடியில் தொடங்கிய கதை. 1902இல் நீலகிரியில் ஓர் இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநோயில் இறந்தார். சிகிச்சை வேண்டுமென்றால் இமயமலைச் சாரலில் இருந்த கசௌலிக்குப் போக வேண்டிய காலம் அது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையின் ஒரு பங்கில் குன்னூர் நிலையம் எழுந்தது. 1907 ஏப்ரலில் வேலை தொடங்கியது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த நாய்க்கடி மருந்து அங்கிருந்துதான் தென்னாட்டுக்கெல்லாம் போயிற்று. வயிற்றில் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்கள் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிறகு 1960களின் கடைசியில் வாய்வழிப் போலியோ மருந்தை இந்தியாவிலேயே தயாரித்துக் காட்டியதும் இதே நிலையம். 2008 ஜனவரியில் தயாரிப்பு விதிகள் சரியில்லை என்று மத்திய அரசு இங்கேயும் கசௌலியிலும் கிண்டியிலும் உரிமத்தை நிறுத்தியது. 2010இல்தான் திருப்பிக் கொடுத்தது. விதிகள் வேண்டியவைதான். ஆனால் திருத்திக்கொள்ள வழி செய்யாமல் மூன்று பொதுத்துறை நிலையங்களையும் ஒரே அடியில் முடக்கியது பெரிய தவறு என்பது என் தீர்மானமான கருத்து. இந்த முடக்கத்துக்கு முன்பே ஃப்ளூக் கண்காணிப்பின் தலைமை புனேயின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்குப் போய்விட்டது.

பண்ணைக்காரரின் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் இப்போது வைரஸின் வேறொரு பாகத்தைப் பிடித்திருக்கிறார்கள். வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தைப் பொள்ளாச்சித் தென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள்: கொண்டையில் மட்டை உதிர்ந்து புது மட்டை வந்துகொண்டே இருக்கும், தண்டு அப்படியே நிற்கும். நம் உடம்பு கண்ணில் படுகிற கொண்டையைத்தான் குறிவைக்கிறது. வழக்கமான ஊசியும் அதைத்தான் கற்பிக்கிறது. தண்டைக் குறிவைக்கப் பழக்கிவிட்டால் வைரஸ் வேஷம் மாறினாலும் பிடித்துவிடலாம். எல்லா ஃப்ளூவுக்குமான ஒரே ஊசி என்ற கனவின் முக்கியமான வழி இது. நியூயார்க்கில் பீட்டர் பாலேசியும் ஃப்ளோரியன் கிராமரும் இதில் உழைத்தார்கள். நமக்குப் பக்கத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜன் குழுவினர் தண்டுப் பகுதியை மட்டும் வடிவமைத்து, முட்டையே இல்லாமல் பாக்டீரியாவில் தயாரித்து, அது எலிகளைக் காத்ததை 2010இல் வெளியிட்டார்கள். ஆனாலும் எல்லா ஃப்ளூவுக்குமான ஊசி ஒன்றுக்கு எந்த நாடும் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை.

வந்தாலும் அது நிஜமாகவே எல்லா வைரஸையும் தடுக்கிறதா என்று பார்க்க, பறவையிலும் மனிதரிலும் சுற்றும் வைரஸ்களை ஓயாமல் சேகரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு எங்கள் வட்டாரத்தைவிடத் தோதான இடம் குறைவு. கோடிக்கணக்கான கோழிகள் நாமக்கல்லிலும் பல்லடத்திலும் இருக்கின்றன. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிக்கு மருந்து தெளிக்கிறார்கள். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நோய் கண்டதற்கே நாமக்கல் முட்டை விலை சரிந்தது. நாமக்கல்லில் கால்நடைக் கல்லூரி உண்டு, கோவையில் மருத்துவக் கல்லூரி உண்டு, மலைமேல் குன்னூர் உண்டு. மூன்றையும் சேர்த்து ஒரு ஃப்ளூ மையம் மறுபடி குன்னூரில் வேண்டும். கோவை, நீலகிரி, நாமக்கல் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேட்க வேண்டும்.

புது ஊசி வருகிற வரைக்கும் பழைய வருடாந்திர ஊசிதான் நமக்குத் துணை. அறுபத்தைந்து தாண்டியவர்கள், சர்க்கரையும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்களும் அவசியம் கேளுங்கள். இரண்டு ஃப்ளூவும் ஒரே உடம்பில் சந்திக்கிற வாய்ப்பை அது குறைக்கும்.