ஃபியூச்சுரா (எழுத்துரு)

ஃபியூச்சுரா, ஜெர்மானிய வடிவமைப்பாளர் பவுல் ரென்னர் (1878–1956) உருவாக்கிய லத்தீன் எழுத்துரு. ஃபிராங்ஃபர்ட் நகரின் பவுவர் எழுத்து வார்ப்பகம் இதை 1927-இல் வெளியிட்டது. எழுத்துகள் வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றைச் சார்ந்தவை; கோட்டு முனைகளில் செரிஃப் எனப்படும் சிறு நீட்சிகள் கிடையா. யாக்கோப் எர்பரின் ‘எர்பர்’ இதற்குச் சற்று முந்தியது, ருடால்ஃப் கோக்கின் ‘காபெல்’ அதே ஆண்டில் வந்தது. ஆனாலும் வடிவியல் சான்ஸ் செரிஃப் (செரிஃபற்ற எழுத்து) என்ற வகையின் முகமாக நிலைத்தது ஃபியூச்சுராதான்.

வடிவமைப்பு

ரென்னர் 1924-இல் வரையத் தொடங்கினார். தொடக்க வரைவுகள் துணிச்சலானவை: சிறிய ‘ஆர்’ ஒரு தண்டும் அருகே ஒரு புள்ளியும் மட்டுமே. வாசிப்புக்கு இடறும் இத்தகைய வடிவங்கள் பின்னர் கைவிடப்பட்டன. எஞ்சியவற்றிலும் சிக்கனம் தெரியும். ‘ஜே’ வளைவில்லாத நேர்கோடு. ‘டி’ (t) குறுக்குக்கோடு இட்ட ஒரு தண்டு.

கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைந்தது போல இது தோன்றும். அந்தத் தோற்றத்தைக் கண்ணின் துணையால் உண்டாக்கியதே ரென்னரின் பெரும் சாதனை. கிடைக்கோடும் நெடுக்கோடும் ஒரே தடிப்பில் இருந்தால் கிடைக்கோடே தடித்துத் தெரியும். எனவே அதைச் சற்று மெலிதாக்கினார். ‘பி’ (b), ‘டி’ (d) போன்றவற்றில் வளைவு தண்டைத் தொடும் இடத்தில் மை திரண்டு கறுப்பாகத் தெரியாதபடி வளைவை இளைத்தார். பெரிய ‘ஏ’யின் கூர்முனை மற்ற எழுத்துகளின் மட்டத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. தாண்டாவிட்டால் அது குட்டையாகத் தோன்றும். பெரிய எழுத்துகளின் அகலங்கள் பண்டைய ரோமானியக் கல்வெட்டுகளின் விகிதத்தைத் தழுவியவை: ‘ஓ’ விரிந்தும் ‘ஈ’, ‘எஃப்’ ஒடுங்கியும் இருக்கும்.

காலப் பின்னணி

ஃபியூச்சுராவை பவுஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் படைப்பாகப் பலரும் கருதுகிறார்கள். ஆனால் ரென்னர் அங்கு ஆசிரியராக இருந்ததில்லை. மியூனிக்கில் அச்சுக்கலைப் பள்ளியின் இயக்குநராக இருந்தவர் அவர். நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து 1932-இல் ஒரு சிறு நூல் எழுதினார். மறு ஆண்டு அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கைதானார். விடுவிக்கப்பட்டாலும் பதவி பறிபோனது.

பயன்பாடு

விளம்பரம், சுவரொட்டி, நூலட்டை, வணிகச் சின்னம் என இதன் வாழ்வு பெரும்பாலும் பெரிய அளவு எழுத்துகளில்தான். ஃபோக்ஸ்வாகன் 1959-இல் அமெரிக்காவில் தொடங்கிய புகழ்பெற்ற விளம்பரங்கள், வெஸ் ஆண்டர்சனின் ‘தி ராயல் டெனன்பாம்ஸ்’ (2001) திரைப்படம், கலைஞர் பார்பரா குரூகரின் சிவப்பு, கறுப்பு, வெள்ளைப் படைப்புகள் ஆகியவற்றில் இதைக் காணலாம். ஐகியா நிறுவனம் பல ஆண்டுகள் பயன்படுத்தி, 2009-இல் வெர்டானா எழுத்துருவுக்கு மாறியபோது வடிவமைப்பாளர்களிடம் பலத்த எதிர்ப்பு எழுந்தது. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த உலோகப் பலகையின் வாசகமும் ஃபியூச்சுராவின் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டதே. கல்வெட்டு விகிதம் கொண்ட எழுத்துக்கு அது பொருத்தமான இடம்.

நீண்ட உரைநடைக்கு இது அவ்வளவு ஏற்றதன்று. சிறிய எழுத்துகளின் உடல் உயரம் குறைவு. நுண்ணிய அளவில் ‘ஏ’யும் ‘ஓ’வும் ஒன்றுபோல மயக்கும். வடிவியல் எழுத்து வகையை வாசிப்புக்கு இணக்கமாக்க முயன்ற வடிவமைப்பாளர் ஏட்ரியன் ஃபுருட்டிகர், 1988-இல் ‘அவெனிர்’ எழுத்துருவை வெளியிட்டார். அதன் சிறிய ‘ஏ’, வெறும் வட்டமும் தண்டுமாக இல்லாமல், புத்தக எழுத்துகளின் ஈரடுக்கு வடிவத்துக்குத் திரும்பியது.