பவுல் மாஸ்

பவுல் மாஸ் (நவம்பர் 18, 1880 – ஜூலை 15, 1964) ஒரு ஜெர்மானிய மொழிநூல் அறிஞர் ஆவார். பண்டைய கிரேக்க இலக்கியம், கிரேக்க யாப்பு, பைசாந்தியக் கிரேக்கம் ஆகியவற்றில் ஆய்வு செய்தவர். பல படிகளை ஒப்பிட்டு ஒரு பழைய நூலின் மூலபாடத்தை மீட்கும் முறையை விதிகளாகத் தொகுத்தமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

மாஸ் பிராங்பேர்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பெர்லினில் உல்ரிச் ஃபொன் விலமோவிட்ஸ் என்பவரிடமும், மியூனிக்கில் பைசாந்தியவியல் அறிஞர் கார்ல் குரும்பாகரிடமும் பயின்றார். 1903 இல் மியூனிக்கில் முனைவர் பட்டம் பெற்றார்.

பல்கலைக்கழகப் பணி

1910 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1920 இல் அங்கு பேராசிரியரானார். 1923 இல் இவரது கிரேக்க யாப்பு நூல் வெளிவந்தது. 1930 இல் கோனிக்ஸ்பெர்க் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராத்) பல்கலைக்கழகத்தில் முழுநிலைப் பேராசிரியர் பதவி ஏற்றார்.

மூலபாட ஆய்வு

பண்டைய கிரேக்க ஆசிரியர்கள் தம் கையால் எழுதிய படிகள் இன்று இல்லை. பல தலைமுறைகளாகப் பார்த்தெழுதப்பட்ட படிகளே எஞ்சியுள்ளன. அவற்றில் பிழைகளும் பாடவேறுபாடுகளும் மலிந்திருக்கும். 1927 இல் வெளியான தமது சிறுநூலில் மாஸ் இச்சிக்கலுக்கு மூன்று படிநிலைகளை வகுத்தார்: படிகளின் உறவை அறிந்து கிடைத்த பாடத்தை நிறுவுதல், அது ஆசிரியருடையதாக இருக்கக்கூடுமா எனச் சோதித்தல், இல்லையெனில் தகுந்த திருத்தத்தை உய்த்துணர்தல்.

இம்முறையில் பிழைகளே சான்றுகளாகின்றன. தற்செயலாக நேர முடியாத ஒரே பிழை இரு படிகளில் காணப்பட்டால், அவை உறவுடையவை எனக் கொள்ளலாம். இவ்வுறவுகள் குடிவழி மரமாக வரையப்படும். எஞ்சியுள்ள ஒரு படியின் பிழைகள் அனைத்தும், அவற்றோடு புதுப் பிழையும் கொண்ட படி, முன்னதைப் பார்த்து எழுதப்பட்டதாகக் கருதி விலக்கப்படும்.

ஓர் எழுத்தர் பல படிகளை ஒப்பிட்டு எழுதியிருந்தால் கிளைகள் கலந்துவிடும். அப்போது இவ்விதிகள் பயன்படா. மாஸ் இவ்வரம்பை அறிந்திருந்தார். இத்தாலிய அறிஞர் ஜோர்ஜோ பஸ்குவாலி, இத்தகைய கலப்பு பரவலானது எனக் காட்டி, ஒவ்வொரு நூலும் கைமாறி வந்த வரலாற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும் என்று 1934 இல் விரிவான நூலொன்று எழுதினார். எனினும், 1952 இல் மாஸின் நூல் இத்தாலிய மொழியில் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவரும் பஸ்குவாலியே.

பதவி நீக்கமும் புலம்பெயர்வும்

நாட்சி ஆட்சியில், யூதர் என்ற காரணத்தால் 1934 இல் மாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னரும் கோனிக்ஸ்பெர்க்கிலேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். பொதுப் பிழைகளைப் பற்றிய இவரது முக்கியக் கட்டுரை 1937 இல் வெளியானது. 1950 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கவிருந்த 1939 ஆகஸ்டில் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் குடியேறினார். அங்கு பல்கலைக்கழகப் பதிப்பகமான கிளாரண்டன் அச்சகத்தின் ஆலோசகராகப் பணியாற்றினார். மூலபாட ஆய்வு நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1958 இலும், யாப்பு நூலின் மொழிபெயர்ப்பு 1962 இலும் வெளிவந்தன.

இறுதிக்காலம்

ஆறாம் நூற்றாண்டுப் பாவலர் ரோமனோசின் கிரேக்கத் துதிப்பாடல்களைக் கொன்ஸ்டன்டைன் டிரிபானிசுடன் இணைந்து பதிப்பித்தார். அதன் முதல் தொகுதி 1963 இல் வெளியானது. அடுத்த ஆண்டு மாஸ் ஆக்ஸ்போர்டில் காலமானார். இரண்டாம் தொகுதி 1970 இலும், இவரது சிறு கட்டுரைகளின் தொகுப்பு 1973 இலும் வெளிவந்தன.