துருவும் தகடும்

பொன்னுக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. காற்றும் நீரும் அதனைத் தின்பதில்லை. ஆயிரம் ஆண்டுகள் மண்ணுள் கிடந்த பொற்காசும் எடுத்துத் துடைத்த அளவில் ஒளி வீசும். இரும்புக்கு அப்பேறு இல்லை. ஒரு மழைக்காலம் வெட்டவெளியில் கிடந்தாலே அதன் மேனி சிவக்கத் தொடங்கிவிடும். ஆனால் பொன்னைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டுமாயின் இரும்பின் துணையின்றி இயலாது. துளையிடும் கருவியும், தண்டவாளமும், கம்பிக்கயிறும், பாறையை இடித்துத் தூளாக்கும் உலக்கையும் இரும்பே. அழியாத பொன்னை எடுப்பதற்காக அழியும் இரும்போடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடிய ஊர் ஒன்று நம் மக்களுக்கு நன்கு தெரிந்த ஊர்தான். அதுவே கோலார் தங்கவயல்.

1802-ஆம் ஆண்டில் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி, உரிகம், மாரிக்குப்பம் ஆகிய சிற்றூர்களில் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டார். 1875-இல் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுச் சுரங்கம் தோண்டினார். அவருக்குப் பொருள்வளம் போதவில்லை; உரிமை கைமாறியது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின்னரே தொழில் நிலைபெற்றது. 1894-இல் மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாக மின்விசை வந்து சேர்ந்தது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். வேற்று மாநிலத்தில் தமிழர் தம் உழைப்பால் உண்டாக்கிய நகரங்களுள் இது முதன்மையானவற்றுள் ஒன்று எனலாம்.

சுரங்கம் ஆழமாக ஆழமாக இரும்பின் பகையும் வலுத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே வெப்பம் மிகுதி, ஈரமும் மிகுதி. இவ்விரண்டும் சேர்ந்த இடம் துருவுக்குத் தாய்வீடு அன்றோ? தொழிலாளர் ஏறி இறங்கும் கூண்டு ஒரு கம்பிக்கயிற்றில் தொங்கியது. கம்பிக்கயிறு என்பது 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் முதன்முதலில் பயன்படுத்திய பொருள். இதனைக் காப்பதற்குச் சுரங்கத் தொழிலில் ஒரு விதி உண்டு. குறித்த காலத்துக்கு ஒருமுறை கூண்டோடு பிணைந்த நுனிப்பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, நல்ல பகுதியில் மறுபடியும் பூட்ட வேண்டும். கயிறு பார்வைக்கு நன்றாக இருப்பினும் வெட்டியே ஆகவேண்டும். ஏனெனில் துரு உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். 'நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டு. நல்ல இரும்போடு மட்டும் சேர்' என்னும் இப்பாடத்தை மனத்தில் கொண்டு, அதே பாடத்தை வேறொரு துறையில் காண்போம். அது பழைய மோட்டார் வண்டிகளின் துருப்பிடித்த தகடுகளை மாற்றிப் புதுப்பிக்கும் தொழில்.

துரு என்பது யாது? இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடும் நீரோடும் கூடித் தன் பழைய தாதுநிலைக்குத் திரும்பும் முயற்சியே துரு. உப்பு இருந்தால் அம்முயற்சி விரையும். எனவேதான் சென்னைக் கடற்கரையில் நிற்கும் வண்டி பெங்களூரில் நிற்கும் வண்டியைவிட முன்னதாகக் கெடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தைப் பிடிக்கும். ஆதலால் இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கில் அது புகுந்தால் தகடுகளைப் பிளந்து விரிக்கும். மேலே பூசிய வண்ணம் கொப்பளித்து எழும். 1600 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி, இன்று தில்லியில் நிற்கும் இரும்புத்தூண் ஒரு விலக்கு. அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் ஒரு காப்புப்படலம் உண்டாயிற்று என்பதைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். வண்டிக்குத் தகடு செய்யும் எஃகுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

மோட்டார் வண்டியின் உடல் தொடக்கத்தில் முழுவதும் இரும்பாக இருந்ததில்லை. குதிரைவண்டி செய்த கைகளே மோட்டாருக்கும் உடல் செய்தன. சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்ப்சன் கம்பெனி அத்தகைய வண்டிக் கட்டுமான நிலையமே. 1903-இல் அங்கேயே நீராவியால் ஓடும் கார் ஒன்று செய்யப்பட்டது. அக்கால வண்டிகளில் கீழே சேஸி என்னும் அடிச்சட்டம், அதன்மேல் மரச்சட்டம், மரத்தின்மேல் தகடு. பின்னர் அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பவர் எஃகுத் தகடுகளை அழுத்தி வடிவமைத்துப் பற்றவைத்து முழு எஃகு உடலைச் செய்தார். 1922-இல் இத்தாலியின் லான்சியா லாம்டாவும், 1934-இல் பிரான்சின் சித்ரோயன் வண்டியும் இன்னும் ஒருபடி மேலே சென்று, தனி அடிச்சட்டத்தையே நீக்கின. உடலே சட்டம், சட்டமே உடல் என்றாயிற்று.

இம்மாற்றம் பழுதுபார்ப்பவனுக்குப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. தனிச்சட்டம் உள்ள வண்டியில் தகடு சட்டை போன்றது. கிழிந்தால் வேறொன்று தைத்துப் போடலாம். சட்டமில்லா வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகடு எலும்பே ஆகும். அது துருவால் இற்றுவிட்டால் வண்டி நடுவில் தொய்யும். கதவுகள் சரியாக மூடா. மேலே பட்டி வைத்துத் தேய்த்து வண்ணம் பூசி மறைத்தால் கண் ஏமாறும். விபத்துக் காலத்தில் வண்டி ஏமாறாது.

நம் நாட்டில் இத்தொழில் ஓங்கியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1928 முதல் பம்பாயில் வண்டிகளைக் கோத்துவந்த ஜெனரல் மோட்டார்ஸும், அதுபோன்ற பிற அயல்நாட்டுக் கம்பெனிகளும், 1953-இல் சுங்கக் கமிஷன் பரிந்துரைத்த கொள்கையின் விளைவாக வெளியேறின. உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்ய முன்வந்தோரே நிலைத்தனர். கார் செய்வதில் உத்தர்பாராவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றே முதன்மையாக நின்றன. புதிய கார் வாங்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. எனவே இருக்கும் வண்டியை எப்பாடு பட்டேனும் ஓடச்செய்ய வேண்டும். அயல்நாட்டான் எறிந்துவிடும் மட்கார்டை நம் டிங்கர் தட்டி நிமிர்த்தினான். நிமிர்த்த முடியாததைத் தகடு வாங்கித் தானே செய்தான். சுத்தி, இடுக்கி, கேஸ் வெல்டிங், மணல்மூட்டை, ஒரு மரக்கட்டை, இவையே அவன் தொழிற்சாலை.

சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அக்கம்பெனிக்கு முழு உடல் செய்து கொடுத்துவந்த நிலையத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஆகவே வெவ்வேறு இடங்களில் செய்த துண்டுகளைத் தனிச்சட்டத்தின்மேல் போல்ட்டால் பூட்டும் வகையில் அவ்வண்டியை வகுத்தனர். வணிக நெருக்கடியால் பிறந்த அம்முறை, பிற்காலத்தில் வண்டியைக் காப்பவர்க்கு வரமாயிற்று. முன்பக்க மூடி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டலாம். ஆயினும் அடிச்சட்டம் இற்றுப்போனால் இந்த வசதியால் பயனில்லை. அம்பாசிடரோ சட்டமில்லா வகை. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்யப்பட்ட அவ்வண்டியில் தகடு தடித்தது. எனினும் அடித்தரையும் கதவின் கீழ்விளிம்பும் நீர் தங்கினால் இற்றே போகும்.

தகடு மாற்றும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலில் சிறு சுத்தியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல தகடு கணீரென்னும். இற்ற தகடு மந்தமாக ஒலிக்கும். வெட்டுவதற்கு முன் கதவு வாயில்களில் குறுக்குக் கம்பிகள் பற்றவைத்து உடலின் அளவை நிலைநிறுத்த வேண்டும். இல்லையேல் தகடு அகன்றவுடன் வண்டி கோணிவிடும். பெட்ரோல் தொட்டியை முன்னதாகவே கழற்றிவிடுதல் இன்றியமையாதது. அட்டையில் அளவெடுத்து, பழைய தகட்டின் அதே கேஜ் கொண்ட புதுத் தகட்டை வெட்டி வளைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். துருவுள்ள ஓரத்தில் பற்றவைத்தால் வெல்டிங் பிடிக்காது, ஓட்டைதான் பெரிதாகும். ஆகவே பளபளக்கும் உலோகம் தென்படும் வரை வெட்ட வேண்டும். சுரங்கத்தார் கம்பிக்கயிற்றுக்குச் சொன்ன விதி இதுவே.

பற்றவைக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஓட்டமாகப் போதல் கூடாது. வெப்பத்தால் தகடு அலையலையாக நெளியும். இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என விட்டு விட்டு வைத்து, ஆறவிட்டு, பின்னர் இடைவெளியை நிரப்ப வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மூட்டில் நீர் தங்கும். ஆதலால் விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே சிறப்பு. மூடப்பட்ட உட்புறங்களில் துத்தநாகப் பூச்சும் மெழுகும் இடுவர். இரும்போடு சேர்ந்த துத்தநாகம் தான் முந்தி அழிந்து இரும்பைக் காக்கும். பிரான்சில் சோரல் என்பவர் 1837-இல் உரிமை பெற்ற துத்தநாக முலாமின் அடிப்படையும் இதுதான். ஆனால் துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் புகை நஞ்சு, காற்றோட்டம் வேண்டும். இறுதியாக, கதவின் அடியில் நீர் வடியும் துளைகளை அடைக்காமல் விட வேண்டும். ஐந்து காசுச் செலவில்லாத இதனை மறந்தால், அவ்வளவு உழைப்பும் சில மழைக்காலங்களில் வீணாகும்.

இனி ஒரு கேள்வி எழுகிறது. தகடுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது பழைய வண்டிதானா? நம் திருத்தேர்கள் இதற்கு ஒருவகை விடை தருகின்றன. திருவாரூர் ஆழித்தேர் 1920-களில் தீக்கிரையாகி மீண்டும் செய்யப்பட்டது. பிற்காலத்தில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடையும் அமைத்தனர். ஆயினும் அது ஆழித்தேரே. ஓடுவதால் அது தேர். மேனாட்டு அறிஞர் மற்றொரு விடை கூறுவர். 1964-இல் வெனிஸ் நகரில் கூடிப் பழஞ்சின்னப் பாதுகாப்புக்கு நெறி வகுத்தோர், புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இசைய வேண்டும். ஆனால் உற்றுநோக்கினால் பழையதிலிருந்து வேறென்று தெரியவும் வேண்டும் என்றனர். அந்நெறியின் வழியே பிற்காலத்தில் பழைய மோட்டார் வண்டிகளுக்கும் தூரின் நகரின் பெயரால் ஒரு சாசனம் ஏற்பட்டது. இரு விடைகளையும் இணைத்துக் காணின், கெட்டதை மட்டும் மாற்றுவதும், மாற்றியதைக் குறித்துவைப்பதும் நேர்மையான வழி என்பது விளங்கும். முழுவதும் பளபளக்கச் செய்து வரலாற்றைத் துடைத்தெறிவது புதுப்பித்தல் ஆகாது.

மீண்டும் தங்கவயலுக்கு வருவோம். 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. அதே வயலில் பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலையும் தோன்றியது. பொன் எடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே தடித்த எஃகுத் தகட்டை வெட்டவும் பற்றவைக்கவும் கற்றனர். சுரங்கமோ நாளடைவில் நட்டத்தில் ஆழ்ந்து, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் வெளிவந்தது. அப்பொன் உலகெங்கும் சென்றுவிட்டது. ஊரில் தங்கியது இரும்பு. இராட்டினம் தாங்கிய உயர்ந்த சட்டங்கள் பராமரிப்பின்றி மழையில் நனைந்தன. மக்கள் விடியற்காலை இரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பலாயினர்.

அவ்விரும்பைக் காயலான் கடைக்கு எடைபோட்டு விற்பது எளிது. ஆனால் அதன் கீழேதான் நம் பாட்டனாரும் முப்பாட்டனாரும் கூண்டேறி இருளில் இறங்கினர். பாறை வெடிப்பில் மாண்டவர் பலர். அவர்கள் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எல்லா இடத்திலும் இல்லை. அந்தச் சட்டங்களே கல்வெட்டு. அவற்றைக் காக்கும் கைத்திறன் அயல்நாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. தட்டிக் கேட்டு, நல்ல இரும்பு வரை வெட்டி, புதுத் தகடு சேர்த்து, துத்தநாகம் பூசி, நீர் வடிய வழிவிடும் திறன் அவ்வூர்ப் பட்டறைகளிலேயே உண்டு. வேண்டுவது, காக்கத் தக்கது இது என்னும் துணிவு மட்டுமே.

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுள் தங்கவயலில் பிறந்தவர் இருப்பின் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் சுரங்க விளக்கோ, எண் பொறித்த பித்தளை வில்லையோ, அவர் கையாண்ட சுத்தியோ கிடக்கலாம். அதைப் புளியிட்டுத் தேய்த்துப் புதிதாக்கிவிடாதீர்கள். ஈரம் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி, அது யாருடையது, எந்தச் சுரங்கத்தில், எந்த ஆண்டுகளில் என்று ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டிவையுங்கள். இரும்பைத் துரு தின்பதுபோல நினைவை மறதி தின்னும். இரண்டையும் முற்றிலும் நிறுத்த இயலாது; ஆயினும் காலத்தில் கைவைத்தால் இரண்டையும் ஒரு தலைமுறைக்குத் தள்ளிப்போடலாம். அடுத்த தலைமுறை தன் பங்கைச் செய்யட்டும்.